விலங்கின் உணர்ச்சியையும் நலனையும் அளப்பது எப்படி: பட்டியிலும் சந்தையிலும் கேட்ட கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கறவை மாடு வைத்திருப்போர், சேலம் கருப்பு ஆடு வளர்ப்போர், கோழிப் பண்ணை நடத்துவோர் என யாரிடம் கால்நடை நலன் பற்றிப் பேசப் போனாலும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தாம் வெவ்வேறு வாய்களிலிருந்து வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டு, விடைகளை மட்டும் எழுத்து நடையில் தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால் இருக்கின்றன. சண்டையில் முடியக்கூடியவை பின்னால் வருகின்றன.

"மாட்டுக்குச் சந்தோஷம், துக்கம் எல்லாம் இருக்குன்னு எங்க பாட்டன் காலத்துலயே தெரியும் சார். இதைப் போயி எதுக்கு அளக்கணும்?"

இருக்கிறது என்று காட்டுவதற்காக அல்ல, ஒன்றோடு மற்றொன்றை ஒப்பிடுவதற்காகத்தான் அளவு தேவைப்படுகிறது. கன்றுக்குக் கொம்புக் குருத்தைச் சுடும்போது மரத்துப்போகும் ஊசி மட்டும் போதுமா, அதற்குப் பிறகும் வலி மருந்து கொடுக்க வேண்டுமா? கட்டுக்கயிற்றை ஒரு முழம் நீட்டிவிட்டால் மாட்டுக்கு அதனால் ஏதேனும் ஆகுமா? இவற்றுக்குப் "பார்த்தாலே தெரியும்" என்பது விடையாகாது, ஏனெனில் பார்க்கிற இருவர் இரண்டு விதமாகச் சொல்வார்கள், இருவரும் தம் பழக்கத்துக்குச் சாதகமாகவே சொல்வார்கள்.

அறிவியல் உலகம் இந்த விஷயத்தில் பாட்டன்மாரைவிடப் பின்தங்கித்தான் இருந்தது. மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிக்காட்டும் விதத்தைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1872-லேயே ஒரு நூல் எழுதியிருந்தும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆய்வாளர்கள் விலங்கின் உணர்ச்சி என்ற பேச்சையே தவிர்த்தார்கள். பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும், ஆக்டோபஸ் போன்ற வேறு சில உயிர்களுக்கும் நனவுக்கு அடிப்படையான நரம்பு அமைப்புகள் உண்டு என்று ஒரு குழுவினர் கேம்பிரிட்ஜில் கூடிக் கையெழுத்திட்டது 2012-இல்தான்.

"நலன்னா தீனி, தண்ணி, வைத்தியம். இதுல உணர்ச்சி எங்க வருது?"

இந்தப் பிரிவினையே பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு மாறி வந்திருக்கிறது. பிரிட்டனில் பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட பிராம்பெல் குழு 1965-இல் அளித்த அறிக்கையிலிருந்து வளர்ந்தவையே இன்று எல்லோரும் சொல்லும் "ஐந்து விடுதலைகள்": பசி தாகம், வசதிக்குறைவு, வலியும் நோயும், அச்சமும் துயரமும் ஆகிய நான்கிலிருந்து விடுதலை, இயல்பான நடத்தைக்கு இடம். நான்காவதிலேயே உணர்ச்சி வந்துவிட்டது.

டேவிட் மெல்லரும் சக ஆய்வாளரும் 1994-இல் முன்வைத்த ஐந்து களங்கள் என்ற முறை இன்னும் வெளிப்படையானது. தீவனம், சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கும் எங்கே போய்ச் சேருகின்றன என்று கேட்டால், ஐந்தாவதான மனநிலையில் என்று அது சொல்கிறது. தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடப்பது மாட்டுக்குத் தாகம் என்ற அனுபவமாக ஆவதனால்தான் அது நலக்குறைவு. ஆகவே தீனியும் வைத்தியமும் நலனுக்கு வழிகள். அவை சரியாக இருக்கின்றன என்பதாலேயே நலன் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

"மனசுக்குள்ள இருக்கறத யாராலயும் அளக்க முடியாது. அப்ப நீங்க என்னத்த அளக்கறீங்க?"

இந்தப் பக்கத்திலுள்ள எல்லா விடைகளும் இந்த ஒரு கேள்வியைச் சார்ந்து நிற்பதால் சற்று நின்று சொல்கிறேன். உணர்ச்சி என்று நாம் சொல்வது மூன்று பகுதிகளாக வெளிப்படுகிறது. உடலில் நிகழ்வது ஒன்று: இதயத் துடிப்பு, ஹார்மோன், தோலின் வெப்பம். நடத்தையில் தெரிவது இன்னொன்று: காது, கண், குரல், விலகுதல், நெருங்குதல். அந்த விலங்கு உள்ளே என்ன உணர்கிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் அளக்கலாம். மூன்றாவதை அவற்றிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். அளந்தது எது, ஊகித்தது எது என்று தனித்தனியாகச் சொல்பவரை நம்பலாம். இரண்டையும் கலந்து "மாடு மகிழ்ச்சியாக இருப்பது நிரூபணம்" என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இன்னொரு பிரிவினையும் வேண்டும். எந்த உணர்ச்சிக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு: அது இனியதா துன்பமானதா என்பது ஒன்று, கிளர்ச்சி மிகுந்ததா அடங்கியதா என்பது மற்றொன்று. பயந்து மிரளும் மாடும், மழைக்குப்பின் துள்ளிக் குதிக்கும் கன்றும் கிளர்ச்சியில் ஒன்றுபோல இருக்கலாம், இனிமையில் எதிரெதிராக இருக்கின்றன. நம்மிடமுள்ள கருவிகளில் பெரும்பாலானவை கிளர்ச்சியைத்தான் நன்றாகக் காட்டுகின்றன. பின்னால் வரும் குழப்பங்களில் பாதிக்கு இதுவே காரணம்.

"பால் குறையாம கறக்குதுல்ல? அப்ப அது நல்லாத்தான இருக்கு?"

பால் திடீரெனக் குறைந்தால் ஏதோ சரியில்லை என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் பால் குறையவில்லை என்பதால் எல்லாம் சரி என்றாகிவிடாது. அதிகப் பாலுக்காகவே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அயல் இனங்களும் அவற்றின் கலப்பினங்களும், குளம்பு நோவோடும் மடிநோயின் தொடக்கத்தோடும்கூடத் தம் உடலைக் கரைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். எலும்பு தெரிய மெலிந்த மாடு நிறையக் கறப்பதை நம் ஊர்களிலேயே பார்க்கலாம்.

பாலில் உணர்ச்சி தெரியும் இடம் ஒன்று உண்டு. மடியில் சுரந்த பால் இறங்குவதற்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். மாடு அச்சத்தில் இருந்தால் அது தடைப்படுகிறது. கடுமையாக நடத்தியவர் அருகில் நின்றாலே மாடுகள் மடியில் கூடுதலாகப் பாலை நிறுத்திக்கொள்வது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. புதிய ஆள் கறந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்கிறது என்று கறவைக்காரர்கள் சொல்வதும் இதுதான்.

"ரத்தத்துல ஒரு டெஸ்ட் எடுத்தா ஸ்ட்ரெஸ் தெரிஞ்சிடும்னு சொல்றாங்களே?"

அவர்கள் சொல்வது கார்டிசால் என்ற ஹார்மோனை. நெருக்கடியில் அட்ரினல் சுரப்பி அதைக் கூடுதலாக வெளியிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் மாட்டைப் பிடித்துக் கட்டி ஊசி குத்துவதே நெருக்கடியாகி, சில நிமிடங்களில் அளவை உயர்த்திவிடும். நாளின் நேரத்தைப் பொறுத்தும் அது ஏறி இறங்கும். இனச்சேர்க்கை போன்ற இனிய கிளர்ச்சியிலும் உயரும். மேலே சொன்ன பிரிவினைப்படி, கார்டிசால் கிளர்ச்சியின் அளவு, துன்பத்தின் அளவு அல்ல. நெடுநாள் துன்பத்தில் கிடக்கும் விலங்குக்கு அது சில வேளை இயல்பாகவோ குறைவாகவோகூட இருக்கும்.

ஊசிக் குழப்பத்தைத் தவிர்க்க வேறு வழிகள் உண்டு. சாணத்தில் வெளியேறும் கார்டிசால் சிதைபொருள்களை அளந்தால், மாட்டுக்கு ஏறத்தாழ அரை நாளுக்கு முன்பிருந்த நிலை தெரியும். முடியில் படிந்திருப்பதை அளந்தால் வாரக்கணக்கான, மாதக்கணக்கான சராசரி தெரியும். விலங்கைத் தொடாமலே எடுக்கலாம் என்பதால் காட்டு யானைகளுக்குச் சாண முறையே பயன்படுகிறது. முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் இப்படி அளந்து, கோடையில் உடல் மெலிந்த யானைகளிடம் இந்த அளவு கூடுதலாக இருப்பதை 2017-இல் வெளியிட்டார்கள்.

"காதையும் கண்ணையும் பார்த்தே மாடு என்ன நெனைக்குதுன்னு சொல்லலாமா?"

என்ன நினைக்கிறது என்று சொல்ல முடியாது. எப்படிப்பட்ட நிலையில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். தீவனம் கண்ணுக்குத் தெரிந்தும் எட்டாதபடி வைக்கப்பட்ட பசுக்களுக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதி கூடுதலாகத் தெரிந்ததை நார்வே ஆய்வாளர்கள் கண்டார்கள். பசுக்களின் கழுத்தையும் தலையையும் தடவிக்கொடுத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், காதுகள் தளர்ந்து தொங்கும் நேரமும் பின்னோக்கிச் சாயும் நேரமும் கூடின. கண் வெள்ளை குறைந்தது. மூக்கு நுனியின் வெப்பம் சற்றே தணிந்தது.

ஆனால் இவை பெரும்பாலும் ஹோல்ஸ்டீன் போன்ற பால் இனங்களில் பார்த்தவை. உழவுக்கும் வண்டிக்கும் பெயர்பெற்ற நம் ஆலம்பாடி மாட்டின் தலை அமைப்பும், எதையும் சட்டென்று கவனிக்கும் அதன் விழிப்பும் வேறு. ஆகவே ஓர் இனத்தின் அளவுகோலை இன்னொன்றின்மேல் அப்படியே வைக்காமல், அதே மாடு அமைதியாக அசைபோடும்போது காது எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்து, மற்ற வேளைகளை அதனோடு ஒப்பிடுவதே சரி.

"முகத்தைப் பார்த்து வலிக்கு மார்க் போடறாங்களாமே, நெஜமா?"

உண்மைதான். 2010-இல் சுண்டெலிகளுக்காக முதல் முகச்சுளிப்பு அளவுகோல் உருவாக்கப்பட்டது. குதிரை, முயல், செம்மறி என்று பின்னர் பெருகியது. கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, கன்னத் தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, காது எப்படித் திரும்பியிருக்கிறது, மூக்குத் துளை எந்த வடிவில் இருக்கிறது என ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பிட்டுக் கூட்டுகிறார்கள். செம்மறிக்கான அளவுகோல் 2016-இல் வந்தது. குளம்பழுகலும் மடிநோயும் உள்ள ஆடுகளை நலமான ஆடுகளிலிருந்து அது பிரித்துக் காட்டியது. வலி மருந்து கொடுத்தபின் மதிப்பெண் இறங்குகிறதா என்பதே இத்தகைய அளவுகோலுக்கான உரைகல்.

"வாயில்லா ஜீவன். அதுங்கிட்டயே கேக்கறதுக்கு வழி இருக்கா?"

இருக்கிறது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. இரண்டையும் வைத்துவிட்டு எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பார்ப்பது எளிய முறை. கூண்டுக் கோழிகளின் காலுக்கு மெல்லிய கம்பி வலை கெடுதல், தடித்த கம்பியே நல்லது என்று முன்சொன்ன பிராம்பெல் குழு நம்பிப் பரிந்துரைத்தது. 1973-இல் ஹியூஸ், பிளாக் என்ற இருவர் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டபோது அவை மெல்லிய வலையின் பக்கம் போயின. மெல்லிய வலை காலைப் பல இடங்களில் தாங்கியது. அனுபவமுள்ள அறிஞர்கள் கூடி முடிவெடுத்தும் கோழியின் கால் வேறு சொன்னது.

தேர்வோடு விலையையும் சேர்த்துக் கேட்கலாம். கனம் கூட்டிக்கொண்டே போகும் கதவைத் தள்ளினால்தான் மேய்ச்சலுக்குப் போக முடியும் என்று வைத்தபோது, கொட்டகைப் பசுக்கள் புதிய தீவனத்துக்காக எவ்வளவு பாரம் தள்ளினவோ ஏறத்தாழ அவ்வளவையும் மேய்ச்சலுக்காகவும் தள்ளின என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. வலியைப் பற்றியும் இப்படிக் கேட்கலாம். 2000-இல் வெளியான ஆய்வு ஒன்றில் கறிக்கோழிகளுக்கு இரண்டு நிறத் தீவனங்கள் வைக்கப்பட்டன, ஒன்றில் வலி மருந்து கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் நலமானவற்றைவிட அதை அதிகமாகத் தின்றன, நொண்டல் கூடக்கூட அந்த அளவும் கூடியது. கோழிக்கு வலிக்கிறதா என்று விவாதிப்பவர்களுக்கு இதைவிட நேரான சான்றை நான் கண்டதில்லை.

இதற்கும் எல்லை உண்டு. வைத்த இரண்டும் மோசமாக இருந்தால் விலங்கு குறைந்த மோசத்தைத் தேர்ந்தெடுக்கும், அவ்வளவே. அப்போதைக்கு இனிப்பதைத் தேர்ந்தெடுத்து மறுநாள் அவதிப்படவும் செய்யும். தானிய மூட்டை அவிழ்ந்து கிடந்தால் ஆடு வயிறு உப்பும்வரை தின்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் மரியன் டாக்கின்ஸ் என்ற ஆய்வாளர் நலனை இரண்டு கேள்விகளாகச் சுருக்கினார்: விலங்கு உடல்நலத்தோடு இருக்கிறதா, தான் விரும்புவது அதற்குக் கிடைக்கிறதா.

"மாட்டுக்கு மனச்சோர்வுன்னு ஒண்ணு வருமா சார்? கன்னு செத்ததிலிருந்து எங்க பசு ஒரு மாதிரியா இருக்கு."

நெடுநேரம் நீடிக்கும் மனநிலையை அளக்க 2004-இல் ஒரு நுட்பமான முறை எலிகளைக் கொண்டு அறிமுகமானது. ஓர் ஒலி கேட்டால் உணவு, இன்னோர் ஒலி கேட்டால் தொல்லை என்று பழக்கிவிட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒலியை எழுப்பினார்கள். எப்போது என்ன நடக்கும் என்று தெரியாத கூண்டில் வாழ்ந்த எலிகள், அந்த ஐயமான ஒலிக்கு உணவை எதிர்பார்த்து வருவது குறைந்தது. கன்றுகளிடம் நிறங்களை வைத்து இதே சோதனை 2013-இல் நடந்தது. கொம்பு சுடப்பட்ட கன்றுகள் இடைப்பட்ட நிறத்தைக் கெட்டதாகவே எடுத்துக்கொண்டன. மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் சுட்டார்கள். ஊசியின் வேகம் தணிந்தபின் வந்த வலிதான் இப்படி வெளிப்பட்டது. முதல் கேள்வியில் கேட்ட வலி மருந்துக்கு விடை இதில் இருக்கிறது.

உங்கள் பசுவுக்கு இந்தச் சோதனையை வீட்டில் செய்ய முடியாது. கன்றை இழந்த பசு கத்துவதும், தேடுவதும், தீனியைக் குறைப்பதும் பிரிவுத் துயரின் அறிகுறிகளாகவே கொள்ளப்படுகின்றன. ஆனால் ஈன்ற பசு சோர்ந்து நிற்பதற்குக் கருப்பைப் புண்ணும், பால் காய்ச்சல் என்னும் சுண்ணாம்புச் சத்துக் குறைவும், மடிநோயும் காரணமாகலாம் என்பதால், மனம் என்று முடிவுகட்டும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுவது அவசியம்.

"கருவி ஒண்ணும் இல்லாம நம்ம கொட்டாயிலயே பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"

நிறைய இருக்கிறது. ஐரோப்பாவில் 2004 முதல் 2009 வரை நடந்த பண்ணை நலன் திட்டம் ஒன்று கருவியில்லாப் பல சோதனைகளைச் சீர்ப்படுத்தியது. அவற்றில் விலகல் தூரம் நமக்கு ஏற்றது. தொட்டியில் தின்றுகொண்டிருக்கும் மாட்டை, அதற்குப் பழக்கமில்லாத ஒருவர் இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து விநாடிக்கு ஓர் எட்டு வீதம் நெருங்க வேண்டும். கையைச் சாய்வாக முன்னே நீட்டி, புறங்கை மாட்டுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மாடு தலையைப் பின்வாங்கும்போது கைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொட விட்டால் பூச்சியம். மந்தையில் பெரும்பாலானவை தொலைவிலேயே விலகினால், அங்கே மனிதக் கை எதற்குப் பழகியிருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கும்.

படுக்கையைப் பாருங்கள். விருப்பப்படி படுக்க விட்டால் கறவை மாடு ஒரு நாளில் ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம் படுக்கும். படுக்கவும் தின்னவும் நேரம் சுருக்கப்பட்ட மாடுகள் தீனியைவிடப் படுக்கைக்கே முதலிடம் தருகின்றன. மாடு எழும்போது தலையை முன்னே நீட்டிப் பின்காலை முதலில் ஊன்றும். குட்டைக் கயிற்றில் சுவரை ஒட்டிக் கட்டப்பட்ட மாட்டுக்கு அந்த இடம் கிடைக்காது. அது எழச் சிரமப்படும், பிறகு படுக்கவே தயங்கும். செலவில்லாமல் திருத்தக்கூடிய குறை இது, ஆயினும் நம் பக்கத்தில் மிக அதிகமாகத் தென்படுவதும் இதுதான்.

கோடையில் மூச்சை எண்ணுங்கள். விலாவின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் எண்ணி அது 60-ஐத் தாண்டினால் வெப்ப அயர்ச்சி இருக்கிறது. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 72-ஐக் கடந்தாலே அயல் இனக் கறவைகள் சிரமப்படத் தொடங்கும். தருமபுரிக் கோடையில் அதைக் கடப்பது பெரிய காரியம் அல்ல. இவற்றோடு உடல் தசையை 1 முதல் 5 வரை மதிப்பிடுவதும், நடையில் நொண்டல் உண்டா என்று பார்ப்பதும், ஓய்வில் இருக்கும் மாடுகளில் எத்தனை அசைபோடுகின்றன என்று பார்ப்பதும் சேர்ந்தால் போதும்.

"எங்க மாடு ரொம்ப சாது. அசையாம நிக்கும். நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமில்ல?"

எடுத்துக்கொள்ளக் கூடாது. அமைதிக்கும் முடங்கிப் போவதற்கும் வெளியிலிருந்து பார்க்க வேறுபாடு சிறியது. அமைதியான மாடு அசைபோடும், ஒலி கேட்டால் காதைத் திருப்பும், ஈயை வாலால் ஓட்டும், புதிய ஆள் வந்தால் முகர்ந்து பார்க்கும். முடங்கிய மாடு இவற்றில் எதையும் செய்யாமல் தலையைத் தாழ்த்தி நிற்கும். எதைச் செய்தாலும் பயனில்லை என்று கற்றுக்கொண்ட விலங்கு போராடுவதை நிறுத்திவிடும், அப்போது அது மிகவும் சொன்னபடி கேட்பதுபோலத் தோன்றும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நாக்கைச் சுழற்றிச் சுழற்றிக் காற்றை நக்கும் மாடு, கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும் யானை ஆகியவற்றைப் பார்த்து "விளையாடுகிறது" என்று சொல்வார்கள். மாற்றமின்றித் திரும்பத் திரும்பச் செய்யப்படும் பயனற்ற அசைவு, இப்போதோ முன்போ அந்த விலங்கு குறைபட்ட சூழலில் இருந்ததன் அடையாளம்.

"நாயி செருப்பைக் கடிச்சிட்டு தலையைத் தொங்கப் போடுது. தப்புன்னு தெரிஞ்சுதான?"

அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்தார். சில நாய்கள் தடுத்த தின்பண்டத்தைத் தின்றன, சில தின்னவில்லை. ஆனால் உரிமையாளரிடம் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ மாற்றியும் சொல்லப்பட்டது. தலை தொங்கியது தப்பைப் பொறுத்து வரவில்லை, திட்டைப் பொறுத்து வந்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள் இன்னும் அதிகமாகத் தொங்கப்போட்டன. அந்த முகம் உங்கள் கோபத்துக்கான பதில்.

"எருது விடும் விழாவுல ஓடற மாட்டுக்கு அது உற்சாகமா, பயமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. சட்டத்தின் பக்கம் தெளிவானது: 2014 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மேற்சொன்ன ஐந்து விடுதலைகளை எடுத்துக்காட்டியே ஜல்லிக்கட்டைத் தடை செய்தது; 2017-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது; 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஆனால் நீங்கள் கேட்பது மாட்டின் நிலை.

ஓடும் மாட்டின் இதயத் துடிப்பும், கார்டிசாலும், கண் வெள்ளையும் உயர்ந்தே இருக்கும். உற்சாகம் என்றாலும் உயரும், அச்சம் என்றாலும் உயரும். ஆகவே ஓட்டத்தின் நடுவில் எடுத்த எந்த அளவையும் இரு தரப்பும் தமக்குச் சாதகமாகப் படிக்க முடியும். பிரித்தறிய வேண்டுமானால் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். வாடிக்கு அழைத்து வரும்போது மாடு தானாக நடக்கிறதா, பின்வாங்கி இழுபடுகிறதா? காத்திருக்கும் இடத்தில் திரும்பத் திரும்பச் சாணம் போடுகிறதா? முடிந்தபின் எவ்வளவு நேரத்தில் தண்ணீர் குடித்து அசைபோடத் தொடங்குகிறது? அடுத்த முறை அதே இடத்துக்குக் கொண்டுவந்தால் என்ன செய்கிறது? என் கருத்தில், நெருங்கிக் கூச்சலிடும் கூட்டத்துக்கு நடுவே ஓடும் மாடு அச்சமின்றி ஓடுகிறது என்று வாதிடுவது கடினம். அன்போடு வளர்த்துப் பழக்கிய மாடும் அடித்து இழுத்து வந்த மாடும் ஒரே நிலையில் ஓடுகின்றன என்று சொல்வதும் சரியல்ல. வாலைக் கடிப்பது, கண்ணில் எரிச்சல் பொருளை இடுவது போன்றவற்றுக்கு இந்த ஐயமே எழாது, அவை வலி.

"ராகிக் காட்டுக்கு வர்ற ஆனை பயந்துக்கிட்டுதான வரும்? ஸ்ட்ரெஸ் அதிகமா இருக்குமில்ல?"

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்தில் அறுவடைக் காலங்களில் கேட்கும் கேள்வி. கார்டிசால் பற்றிச் சொன்ன அதே இந்திய அறிவியல் கழகக் குழு, கர்நாடகத்தின் ஹாசன் பகுதியில் பயிர்களுக்குள் வரும் யானைகளின் சாணத்தைக் காட்டு யானைகளின் சாணத்தோடு ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டது. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாகப் பயிர் தின்னும் யானைகளிடம் அளவு குறைவாக இருந்தது. சத்துள்ள தீனி நன்றாகக் கிடைப்பதே காரணமாகலாம் என்று அவர்கள் விளக்கினார்கள். வெடிச் சத்தமும் விரட்டலும் யானைக்கு ஒன்றுமே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. சாணம் காட்டுவது பல மணி நேரத்தின் மொத்தத்தை; தீப்பந்தத்தைக் கண்ட அந்த நிமிடம் அதில் கரைந்துவிடும்.

"மாரண்டஅள்ளியில கரன்ட்டுல செத்த ஆனைங்களைச் சுத்திக் குட்டிங்க நின்னுச்சே, அது துக்கம் இல்லியா?"

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்ததும், இரண்டு குட்டிகள் அந்த உடல்களை விட்டு அகலாமல் நின்றதும் இரு மாவட்டத்தாரும் மறக்காத நிகழ்வு. நின்றன, தொட்டன, போக மறுத்தன என்பவை கண்டவை. துக்கம் என்பது ஊகம். ஆனால் எல்லா ஊகங்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. தாயைச் சார்ந்த குட்டிகளின் பிரிவுத் துயர், பாலூட்டிகளின் மூளையில் மிக ஆழமாகப் பதிந்த உணர்ச்சி அமைப்புகளுள் ஒன்று என்று ஜாக் பாங்க்செப் போன்ற மூளை ஆய்வாளர்கள் காட்டியிருப்பதால், அந்தக் குட்டிகள் துயரத்தில் இருந்தன என்பதை ஐயமின்றியே சொல்வேன்.

இறப்பை அவை இறப்பாகப் புரிந்துகொண்டனவா என்பது வேறு. கென்யாவின் அம்போசெலியில் 2006-இல் வெளியான சோதனையில், ஆப்பிரிக்க யானைகள் மற்ற விலங்குகளின் மண்டையோடுகளைவிட யானை மண்டையோட்டையும் தந்தத்தையும் அதிகம் ஆராய்ந்தன. ஆயினும் தம் கூட்டத்தின் இறந்த தலைவியின் மண்டையோட்டைப் பிற தலைவிகளுடையதிலிருந்து பிரித்து விரும்பவில்லை. முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

"ஒகேனக்கல் மீனுக்குமா வலிக்கும்?"

லின் ஸ்னெடன் 2003-இல் டிரவுட் மீன்களின் உதட்டில் புளிக்காடியின் அமிலத்தைச் செலுத்தியபோது, அவை உதட்டைக் கற்களில் தேய்த்தன, மூச்சு விரைந்தது, இரையெடுக்க நெடுநேரம் ஆனது. வலி நீக்கி மருந்து கொடுத்தபோது இவை குறைந்தன. பிரிட்டன் 2022-இல் இயற்றிய சட்டம் மீனோடு நிற்காமல் நண்டு, ஆக்டோபஸ் வகைகளையும் உணர்வுள்ளவையாக ஏற்கிறது.

"இனிமே செல்போன் ஆப்பே மாடு பேசறத மொழிபெயர்த்துடுமாமே?"

2022-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 411 பன்றிகளின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குரல்களைக் கணினிக்குக் கொடுத்தார்கள். இனிய சூழலில் எழுந்த குரலா துன்பச் சூழலில் எழுந்ததா என்று அது ஏறத்தாழ 92 விழுக்காடு சரியாகப் பிரித்தது. பெரிய சாதனைதான். ஆனால் எது இனிய சூழல், எது துன்பச் சூழல் என்று முதலில் பெயரிட்டது மனிதர்கள். அந்தப் பெயரிடல் தவறாக இருந்தால், கணினி அதே தவற்றை வெகு வேகமாகச் செய்யும். இரவில் கொட்டகையில் எழும் வேறுபட்ட குரலைக் கவனித்து எழுப்பிவிடும் காவலாக அதைப் பயன்படுத்தலாம். மொழிபெயர்ப்பு என்று விற்கப்படுவதை வாங்க வேண்டாம்.

"ரெண்டு அளவு ஒண்ணுக்கொண்ணு எதிரா வந்தா எதை நம்பறது?"

அடிக்கடி அப்படித்தான் வரும். ஒரு மாடு கையைத் தொட விடுகிறது, ஆனால் நொண்டுகிறது. இன்னொன்று நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறது, ஆனால் நாக்கைச் சுழற்றுகிறது. இவற்றையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து "நூற்றுக்கு எழுபது" என்று எழுதும் ஆசை வருவது இயல்பு. ஆனால் நல்ல தீனி, வலிக்கும் காலை ஈடுசெய்துவிடாது. மேலே சொன்ன ஐரோப்பியத் திட்டம் நலனைப் பன்னிரண்டு அளவைகளாகப் பிரித்ததும், ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகுதி முழுவதுமாக மறைத்துவிடாதபடி கணக்கிட்டதும் இதனால்தான்.

முரண் வரும்போது, அவை இரண்டும் வெவ்வேறு கால அளவைப் பற்றியவையா என்று முதலில் பாருங்கள்: காது இந்த நொடியைச் சொல்கிறது, சாணம் அரை நாளை, உடல் தசை பல வாரங்களை. அடுத்து, அவை இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகளா என்று பாருங்கள். தொட விடும் நொண்டி மாட்டில் முரணே இல்லை. விலகல் தூரம் மனிதரிடம் அச்சம் உண்டா என்பதைச் சொல்கிறது, நொண்டல் வலி உண்டா என்பதைச் சொல்கிறது. அந்த மாட்டுக்கு உடனே குளம்பைப் பார்க்க வேண்டும், நெருங்க விடும் குணம் இருப்பதால் காலைத் தூக்கிப் பார்ப்பதும் எளிது.